அரைக் கேன் உயிர்

மூக்கை மூடிக்கோங்க அம்மிணி, நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன். கரூர் பஸ் ஸ்டாண்டுல ஏறினதுல இருந்து எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. முன் சீட்டுல இருந்த அந்த வெள்ளைச் சட்டைக்காரர் என்னையும் கேனையும் மாறி மாறிப் பார்த்துட்டு, எந்திரிச்சுப் போய் டிரைவர் பக்கத்துல நின்னுக்கிட்டார். கோயமுத்தூர் வரைக்கும் நின்னுட்டே போவாராம். போகட்டும். நீங்க ஒருத்தர்தான் பக்கத்துல உக்காந்தீங்க. வேற சீட்டு இல்லாததால உக்காந்தீங்களோ என்னமோ. ரொம்ப நாத்தமா அடிக்குதுங்களா?

இது சாக்கடைத் தண்ணி இல்லைங்க. கண்டக்டர் ஏறும்போதே கேட்டார், "ஏம்மா, கேன்ல என்ன?"ன்னு. பூச்சிங்கன்னேன். "பூச்சி மருந்தா? அதெல்லாம் பஸ்ஸுல ஏத்தக்கூடாது"ன்னார். மருந்து இல்லைங்க, பூச்சிதான்னேன். உள்ள எட்டிப் பார்த்தார். "எங்க, ஒண்ணையும் காணோம்?" கண்ணுக்குத் தெரியாதுங்கன்னேன். "கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு லக்கேஜ் டிக்கெட் போடறது இதுதான் முதல் தடவை"ன்னு சொல்லிச் சிரிச்சார். பஸ்ஸே சிரிச்சுது. சிரிக்கட்டும். டிக்கெட்டை வாங்கிட்டேன். இருங்க, ஒரு ஆட்டு ஆட்டிக்கிறேன். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஆட்டோணும். இல்லைன்னா அடியில படிஞ்சு, மூச்சு முட்டிப் போயிருமாம்.

நான் சென்னிமலைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில வேலை பார்க்கறேனுங்க. மைனாவதின்னு பேரு. பெட்ஷீட்டு, துண்டு, இதுகளுக்கு நூல் சாயம் போடற பட்டறை. சின்னதுதான், அறுபது பேர். சாயம் போட்டு அலசின தண்ணியை முன்ன மாதிரி வெளிய விட முடியாதில்லைங்களா. சுத்தம் பண்ணித்தான் விடோணும். அதுக்குச் சுண்ணாம்பு, அந்தப் பொடி, இந்தப் பொடின்னு கொட்டிப் பார்த்தாங்க. தண்ணி தெளிஞ்சாலும் சேறு மலையா மிஞ்சுது. அப்பத்தான் முதலாளி, சென்னியப்பன்னு பேரு, ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தார். தஞ்சாவூர்ப் பொண்ணு. பிருந்தா. இதுக்குன்னே படிச்சதாம். என்ற பையன் வயசு இருக்கும்.

அந்தப் பொண்ணு வந்து, ஒரு தொட்டியில பாக்டீரியா வளர்க்கப் போறேன், அது சாயத்தைத் தின்னுரும்னு சொல்லுச்சு. எங்களுக்கு வாயில நுழையலை. "அப்படின்னா என்ன கண்ணு?"ன்னு கேட்டேன். "கண்ணுக்குத் தெரியாத பூச்சி மாதிரின்னு வச்சுக்கோங்க அக்கா"ன்னுது. வச்சுக்கிட்டோம். அன்னையில இருந்து அது பூச்சித் தொட்டி. இப்ப எல்லாரும் என்னைக் குத்தம் சொல்றாங்களே, நான் கேக்கறேன், பூச்சின்னு பேரு வச்சது யாரு? பூச்சின்னு சொன்னா நம்ம ஆளுக என்ன பண்ணுவாங்க? வீட்டுல பூச்சி இருக்குதுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க.

அந்தத் தொட்டிக்கு நான்தான் ஆளு. எப்படின்னு கேளுங்க. பட்டறையில எல்லாரையும் நிக்க வச்சு, "யாருக்கு மூக்கு நல்லா இருக்குது?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நல்ல தொட்டின்னா மழை பேஞ்ச மண்ணு மாதிரி வாசம் வரணுமாம். கெட்டுப் போனா அழுகின முட்டை நாத்தமாம். மிசின்ல பார்க்கறதுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரிஞ்சிருமாம். நான் கையைத் தூக்கினேன். ஒன்பது வருசம் சலவைத் தொட்டியில நின்னவ நான். நூலை வெளுக்கற இடமுங்க, பிளீச்சிங் தண்ணியில முழங்கை வரைக்கும் கையை விட்டு நிக்கோணும். என்ற கையைப் பாருங்க. இந்த வெடிப்பெல்லாம் அதுல வந்ததுதான். அங்கிருந்து தப்பிச்சா போதும்னு இருந்துச்சு. கையைத் தூக்கினேன், குடுத்துட்டாங்க.

வேலை பெருசா ஒண்ணும் இல்லைங்க. காலையில சாணிக் கரைசல், ஒரு குண்டான் கஞ்சித்தண்ணி, ஒரு பிடி யூரியா. காத்து ஊதற மோட்டார் ஓடுதான்னு பார்க்கோணும். அப்புறம் ஒரு நோட்டுல எழுதோணும். முதல் கட்டத்துல தேதி, ரெண்டாவதுல தண்ணி கலரு, மூணாவதுல வாசம். நான் ஆறாவதோட நின்னவ. ஆனா கையெழுத்து நல்லா இருக்கும். "அக்கா நோட்டு அச்சடிச்ச மாதிரி இருக்கு"ன்னு அந்தப் பொண்ணே சொல்லியிருக்குது.

நடந்துச்சுங்க அது! அதைச் சொல்லோணும். கத்திரிப்பூக் கலர்ல உள்ள போற தண்ணி, அந்தப் பக்கம் வரும்போது கருப்பட்டிக் காப்பியில நாலு பங்கு தண்ணி ஊத்தின மாதிரி வந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு அதுவும் போயி, இளநீ மாதிரி ஆயிருச்சு. டம்ளர்ல பிடிச்சு வச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் காட்டினேன். பாய்லர்ல நிக்கற பொங்கியண்ணன், "ஏம்மா மைனாவதி, குடிச்சுக் காட்டு பார்ப்போம்"னு வம்பு பண்ணினார். "நீ வளர்த்தற பூச்சிக்குக் காது குத்து வச்சா எங்களையும் கூப்பிடு"ன்னு வேற. காலையில கஞ்சி ஊத்தும்போது நான் ரெண்டு வார்த்தை பேசுவேன், அதைக் கேட்டுட்டார். பேசினா என்னங்க? வாயில்லாததுகள்.

என்னங்க கண்டக்டரே? நாத்தமா? யாரு, அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னாருங்களா? மூடியைப் போடறதுக்கு இல்லைங்க, மூச்சு விடோணும், அதுக்குத்தான் துணி கட்டியிருக்குது. எறக்கி விட்டிருவீங்களா? தென்னிலையில எறக்கி விட்டா நான் எங்க போவேன்? சரி சரி, போடறேன். இதா, போட்டுட்டேன். திருகிட்டேன், பாருங்க. போதுமுங்களா?

பார்த்தீங்களா அம்மிணி, எப்படிப் பேசறார்னு. அவர் அந்தப் பக்கம் போகட்டும், கழட்டிக்கலாம்.

எங்க விட்டேன்? ஆ, ஆயுத பூஜை. எல்லாம் அதுல வந்த வினைதான்.

பூஜைக்கு முந்தின நாள் அந்தப் பொண்ணு அக்கா வளைகாப்புன்னு ஊருக்குப் போயிருச்சு. ஒரு வாரம் லீவு. போகும்போது, "அக்கா, மோட்டார் மட்டும் நிக்கக் கூடாது"ன்னுது. சரின்னேன். அந்தப் பக்கம் முதலாளி வந்து, "பூஜைக்கு வெளியூர்ல இருந்து ஆளுக வர்றாங்க, ஒரு மூலை விடாமக் கழுவிப் போடுங்க, பட்டறை பளபளன்னு இருக்கோணும்"னார். முதலாளி சொன்னா செய்யறதா வேண்டாமா? அறுபது பேரும் அவங்கவங்க இடத்தைத் தேய்க்கறாங்க. நான் மட்டும் சும்மா நிக்கவா? தொட்டிக்குள்ள பிளாஸ்டிக் வலையா நாப்பது தொங்குமுங்க. மேல எல்லாம் பழுப்பா, வழவழன்னு, விரல் தடிமனுக்குப் பாசி மாதிரி ஒட்டியிருக்கும். பார்க்கச் சகிக்காது. நாப்பது வலையையும் ஒத்தை ஆளா வெளிய இழுத்துப் போட்டேன். பிளீச்சிங் பவுடரைப் போட்டு, தேங்காய் நாரை வச்சுத் தேய்ச்சேன். காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சது, மதியம் சோத்துக்குக் கூடப் போகலை. மல்லிகைப்பூவாட்டம் வெளுத்துருச்சு. ஒவ்வொரு வலைக்கும் சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, திரும்பத் தொங்க விட்டேன். முதலாளி வந்து பார்த்துட்டு, "மைனாவதி இடத்தைப் பார்த்துக் கத்துக்கங்கடா"ன்னு எல்லார் முன்னாலயும் சொன்னார். ஒன்பது வருசத்துல அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மோட்டாரை நான் நிறுத்தலைங்க. அதை நிறுத்தினது பொங்கியண்ணன். இதை மட்டும் நல்லாக் கேட்டுக்கோங்க. ஆயுத பூஜைக்கு எந்த மிசினும் ஓடக் கூடாதில்லைங்களா, அதுக்கு ஓய்வு குடுக்கோணும். அவர் வழக்கப்படி எல்லா சுவிட்சையும் அணைச்சார். நான் மோட்டாருக்கு மாலை போட்டிருந்தேன். ஓடினா மாலையைச் சுத்தி இழுத்துக்குமேன்னு, "அண்ணா, இதையும் நிறுத்திருங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். சுவிட்சைத் தொட்டது அவர் கை. மறுநாள் விஜயதசமி முடிஞ்சு, நல்ல நேரம் பார்த்துத்தான் போட்டாங்க. ஒண்ணரை நாள்.

ஒரு வாரம் கழிச்சு, புதன்கிழமை காலையில அந்தப் பொண்ணு வந்துச்சு. கேட்டைத் தாண்டலை, அதுக்குள்ள துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்திக்கிச்சு. ஓடி வந்து தொட்டியைப் பார்த்துச்சு. தண்ணி மை மாதிரி இருந்துச்சு. "அக்கா, வலை ஏன் வெள்ளையா இருக்கு?"ன்னுது. "நான்தான் கண்ணு தேய்ச்சேன், புதுசாட்டம் இருக்குதில்ல?"ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு அப்படியே தொட்டித் திட்டுல உக்காந்துருச்சு.

"அக்கா, அந்தப் பழுப்புதாங்க்கா அவங்க."

அவங்கன்னுதான் சொல்லும் அந்தப் பொண்ணு, மனுசங்களைச் சொல்ற மாதிரி. ஆனா நீங்களே சொல்லுங்க, அதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமா? பழுப்பா வழவழன்னு ஒட்டியிருக்கறது அழுக்கில்லை, அதுதான் பூச்சின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பனா? சொல்லுச்சாம். ரெண்டு தடவை சொல்லுச்சாம். சொல்லியிருக்கும். நான் கஞ்சி கலக்கிட்டு இருந்திருப்பேன்.

முதலாளி கத்தினார். என்னை இல்லை, அந்தப் பொண்ணைத்தான். "உன்ற பூச்சியை நம்பி நான் பட்டறையை மூடோணுமா?"ன்னு. வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை அதிகாரிங்க வந்து தண்ணி எடுத்துப் பார்க்கறாங்க. இன்னைக்குச் சனிக்கிழமை. ஒன்பது நாள் இருக்குது. அன்னைக்குத் தண்ணி தேறலைன்னா கரண்டைப் பிடுங்கிருவாங்க. அறுபது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பொண்ணு ராத்திரி பகல் பார்க்காமத் தொட்டியைக் காலி பண்ணிக் கழுவி வச்சிருக்குது. கரூர்ல ஒரு பெரிய பட்டறையில இதே மாதிரி தொட்டி இருக்குது. அங்க கெஞ்சிக் கேட்டு, விதைப் பூச்சி ஒரு கேன் வாங்கிட்டு வரச் சொல்லி என்னை அனுப்புச்சு. பீப்பாயில விட்டுப் பெருக்கி, அப்புறம் தொட்டியில விடணுமாம். பெருக எட்டு நாள் வேணுமாம். ஒன்பது நாள்ல எட்டு நாள். பார்த்துக்கோங்க.

வண்டி குடுங்கன்னு கேட்டதுக்கு முதலாளி என்ன சொன்னார் தெரியுங்களா? "அரைக் கேன் சாக்கடைக்கு டெம்போவா?"ன்னார்.

என்னை ஏன் அனுப்புச்சுன்னுதான் எனக்கு விளங்கலை. வேற ஆளா இல்லை? காலையில கிளம்பும்போது எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துச்சு. இதா, பாருங்க. பாதிக்கு மேல ஊத்தக் கூடாது. மூடக் கூடாது, துணி கட்டணும். வழியில ஒண்ணும் போடக் கூடாது. ஆட்டிட்டே வரணும். கடைசியா இது. காங்கயத்துல எறங்கி, சென்னிமலை பஸ் ஏறறதுக்கு முன்னாடி மோந்து பார்க்கணும். மண்ணு வாசம்னா பஸ் ஏறி வரணும். முட்டை நாத்தம்னா அங்கிருந்தே திரும்பிக் கரூர் போய் வேற கேன் எடுக்கணும். கேன் குடுக்கற கரூர்ப் பட்டறைக்காரர் மூணு மணி வரைக்கும்தான் இருப்பார். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கேட்டு பூட்டிருவாங்க. செத்ததைக் கொண்டாந்து பீப்பாயில ஊத்தினா நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும். அப்புறம் அழுது பிரயோசனம் இல்லை.

இதென்ன ஊருங்க? வெள்ளகோயில் தாண்டிருச்சா? அதுக்குள்ளயா? அப்பக் காங்கயம் அரை மணி நேரத்துல வந்துரும்.

ஐயோ.

மூடி. மூடியைக் கழட்டவே இல்லையே அம்மிணி! தென்னிலையில திருகினது. பேச்சு சுவாரசியத்துல சும்மா ஆட்டிட்டே வந்தேன், மூடியோட ஆட்டினா என்ன வரும்? நீங்களாவது ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருக்கலாமில்லைங்க? இல்லை, உங்களைச் சொல்லி என்ன. அந்தக் கண்டக்டர்... இல்லைங்க. திருகினது என்ற கைதான். ஆட்டமா இருந்தா சிந்துமேன்னு இன்னொரு சுத்தும் திருகினேன். இதா, வர மாட்டேங்குது. கொஞ்சம் கேனைப் பிடிங்க. ம். வந்துருச்சு. புஸ்ஸுன்னுது, கேட்டீங்களா?

யாரு சத்தம் போட்டாலும் போடட்டும். எறக்கி விடட்டும். இனி மூட மாட்டேன்.

அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நினைக்கக் கூடாது.

கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்றீங்களா?

இல்லைங்க, என்னால முடியாது. முதல்லயே ரொம்ப நாத்தமா அடிக்குதான்னு உங்களைக் கேட்டனே, அது மரியாதைக்குக் கேட்டதில்லைங்க. எனக்குத் தெரியாமத்தான் கேட்டேன். மூக்கு செத்துப் போய் எத்தனையோ வருசமாச்சு. ஒன்பது வருசம் சலவைத் தொட்டி ஆவியில நின்னா என்ன மிச்சம் இருக்கும்? போன தைக்கு பொங்கப் பானை அடிப்பிடிச்சு வீடெல்லாம் புகை, பையன் ஓடி வந்து, "அம்மா, கண்ணு முன்னாடி தீயுது, தெரியலையா?"ன்னான். கண்ணு எரிஞ்சப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. மல்லிகையும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான் எனக்கு.

அப்ப நோட்டுல என்ன எழுதினேன்னு கேக்கறீங்களா? தினமும் மண்ணுன்னுதான் எழுதினேன். முதல்ல எல்லாம் பக்கத்துல போறவங்க யாராவது, "என்ன மைனாவதி, மழை வந்த மாதிரி வாசமா இருக்குது"ம்பாங்க. அதைக் கேட்டுட்டு எழுதினேன். அப்புறம் கேக்காமயே எழுதினேன். தண்ணிதான் இளநீ மாதிரி வருதே, அப்புறம் என்ன வாசம்? பூஜை முடிஞ்சு ஆறு நாளும் எழுதினேன். மண்ணு, மண்ணு, மண்ணு. நல்ல கையெழுத்துல. பக்கத்து ஆளுக முணுமுணுத்தாங்க, நாத்தம் குடலைப் புரட்டுதுன்னு. பட்டறைக்குப் பின்னால எவனோ நாய் செத்ததைப் போட்டுட்டான்னு நானும் சேர்ந்து திட்டினேன். தண்ணி கறுத்ததுக்கு, புதுச் சாயம் போட்டிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். முதல் நாளே தெரிஞ்சிருந்தா பாதியையாவது காப்பாத்தியிருக்கலாமுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நோட்டை விரிச்சு அந்த ஆறு வரியையும் பார்த்துச்சு. என்னைப் பார்த்துச்சு. "அக்கா, இது மண்ணா?"ன்னு மெதுவாக் கேட்டுச்சு. "காலையில மண்ணாத்தான் இருந்துச்சு கண்ணு"ன்னேன். நோட்டை மூடி மேசைக்குள்ள வச்சுப் பூட்டிருச்சு. முதலாளி கத்தும்போது கூட அதை எடுத்துக் காட்டலை. எல்லாத் திட்டையும் அதுவே வாங்கிக்கிச்சு. அதுதான் எனக்கு ஆகலை. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மோந்து பாருங்க அம்மிணி. துணியை விலக்கறேன். அவ்வளவு தூரத்துல இருந்து இல்லை, கிட்ட வந்து. இத்தனை நேரம் மூக்கை மூடிட்டு வந்தவங்களை இப்படிக் கேக்கறது பாவந்தான். சுடுகாட்டுக்குப் போற பொணம் மாதிரி இதைச் செத்ததாக் கொண்டு போய் அந்தப் பொண்ணு கையில குடுக்க என்னால முடியாது.

என்ன? மண்ணா?

இல்லைங்க, அப்படி டக்குனு சொல்லக் கூடாது. பாவம், இவ மனசு கஷ்டப்படுமேன்னு சொல்றீங்க. எனக்காகச் சொல்லாதீங்க. நானும் அப்படித்தான் ஆறு நாள் எழுதினேன். முட்டை நாத்தமா இருந்தா முட்டைன்னே சொல்லுங்க, காங்கயத்துலயே எறங்கி எதிர்ப் பஸ்ஸைப் பிடிக்கிறேன். இன்னும் மணி ஒண்ணுதான் ஆகுது, மூணுக்குள்ள போயிரலாம். எனக்கு ஒண்ணும் சிரமம் இல்லை. நிசத்தைச் சொல்லுங்க. இன்னொருக்கா. நல்லா இழுத்து.

மண்ணு... ம்... கூட என்ன? இனிப்பாவா? என்ன இனிப்பு?

வெல்லமா?

வெல்லம்னா சொன்னீங்க?

அதை நான் உங்ககிட்டச் சொல்லவே இல்லையே! சீட்டுல வழியில ஒண்ணும் போடக் கூடாதுன்னு இருக்குதில்லைங்களா, அதனால சொல்லலை. கரூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு அச்சு வெல்லம் வாங்கி, நுணுக்கி உள்ள போட்டேன். ரெண்டு மணி நேரம் பட்டினியா எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு மனசு கேக்கலை. கொஞ்சமாத்தான் போட்டேன். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லத்தான் வேணும், திட்டட்டும்.

அப்ப நீங்க மோந்துதான் சொல்றீங்க. நிசமாலுமே மோந்துதான் சொல்றீங்க.

முட்டை இல்லையே? துளி கூட இல்லையே? சரி. சரிங்க. நான் அழலைங்க, கண்ணுல காத்து அடிக்குது, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க. வேண்டாம் வேண்டாம், திறந்தே இருக்கட்டும். காத்து வரட்டும்.

காங்கயம் வந்துருச்சு. கண்டக்டரே, விசில் அடிச்சுராதீங்க, கேனோட எறங்கோணும்! அம்மிணி, நீங்க பல்லடம் போகோணுமில்ல, உக்காருங்க, நான் தாண்டிப் போயிக்கிறேன். ஒரே ஒரு நிமிசம். அந்தச் சீட்டைத் திருப்பிக் குடுங்க, பின்னால எழுதிக்கிறேன். நோட்டுல ஏத்தோணும். தேதி, சனிக்கிழமை. கலரு, பழுப்பு. வாசம், மண்ணு. கொஞ்சம் வெல்லம்.

அதுக்குப் பக்கத்துல இனிமே ஒரு கட்டம் புதுசாப் போடப் போறேன், மோந்தது யாருன்னு. சொல்லுங்க அம்மிணி, உங்க பேரு என்ன?